பாஸ்போர்ட் மாறினால் நம்மவர் ஆகிவிடுவாரா?

கேள்வி இதுதான்: ஒரு நாட்டில் பிறந்து வளர்ந்து, பிறகு இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்று அதன் சீருடையில் விளையாடுபவர் பதக்கம் வென்றால், அது எந்த நாட்டின் வெற்றி? இப்படி வருபவர்களில் சிலரை மக்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலரைக் கடைசிவரை ஒட்டாத ஆளாகவே பார்க்கிறார்களே, ஏன்?

சட்டப்படி பதில் ஒரே வரி. பாஸ்போர்ட் இருந்து, அந்த விளையாட்டின் விதிகளும் இடம் கொடுத்தால் அவர் அந்த நாட்டு வீரர்தான். ஆனால் கைதட்டும் ரசிகர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கைதட்டுவதில்லை. அவர் மனசுக்குள் போடும் கணக்கு வேறு. நான் பார்த்தவரை அதில் முதல் கேள்வி: இந்த ஆள் நமக்குப் பயன்படுவதற்கு முன்னாலேயே நம்மோடு இருந்தவரா, அல்லது பயன்படுவார் என்பதற்காகவே வரவழைக்கப்பட்டவரா? வாழ்க்கை முதலில், பதக்கம் அப்புறம் என்றால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். வரிசை தலைகீழாக இருந்தால் எத்தனை பதக்கம் வாங்கினாலும் விருந்தாளிதான். இரண்டாவது கேள்வி கொஞ்சம் அசிங்கமானது: ஜெயித்தாரா, தோற்றாரா?

அந்த இரண்டாவது கேள்வியின் வேலையைப் பார்க்க 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் போதும். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ஐலீன் கூவுக்குத் தாய் சீனர், தந்தை அமெரிக்கர். 2019ல் சீனாவுக்காகப் போட்டியிடுவது என்று முடிவெடுத்தவர். பெய்ஜிங்கில் பனிச்சறுக்கில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. சீனா முழுக்க விளம்பரப் பலகைகளில் அவர் முகம்தான். அதே ஒலிம்பிக்கில், அதே சீனச் சீருடையில், லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஜு யி என்ற ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனையும் இருந்தார். அவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை இருந்தது, அவரும் சீனாவுக்காக ஆட வந்தவர்தான். குழுப் போட்டியில் முதல் தாவலிலேயே விழுந்து, பக்கச் சுவரில் போய் மோதினார். அந்தச் சுற்றில் கடைசி இடம். அவர் விழுந்ததைக் கிண்டலடித்த ஹேஷ்டேக் சீனச் சமூக வலைத்தளமான வெய்போவில் சில மணி நேரத்திலேயே 20 கோடி முறை பார்க்கப்பட்டது. சீன மொழி சரியாகப் பேச வராதவர், சீனாவில் பிறந்த ஒரு பெண்ணின் இடத்தைப் பறித்துக்கொண்டவர் என்றெல்லாம் திட்டு விழுந்தது.

ஐலீன் கூ சீன மொழியைச் சரளமாக, பெய்ஜிங் வாடையோடு பேசுவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே முழுக்க முழுக்க வெற்றி தோல்விக் கணக்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சீனச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்கப் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டீர்களா என்று கேட்டபோதெல்லாம் கூ நேரடியாகப் பதில் சொன்னதில்லை. விழுந்தவருக்கு மொழித் தேர்வு வைத்தவர்கள், ஜெயித்தவருக்குச் சட்டத் தேர்வு வைக்கவில்லை.

முதல் கேள்விக்கு பிரிட்டனைவிட நல்ல இடம் கிடையாது. நாற்பது ஆண்டுகளில் எல்லா ரகத்தையும் பார்த்துவிட்ட நாடு அது. 1984ல் நிறவெறிக் கொள்கையால் தென்னாப்பிரிக்கா ஒலிம்பிக்கிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தது. அந்த நாட்டின் ஸோலா பட்டுக்கு அப்போது 17 வயது. வெறுங்காலோடு ஓடுபவர். 5,000 மீட்டரை அன்றைய உலக சாதனையைவிட வேகமாக ஓடிவிட்டிருந்தார். தாத்தா பிரிட்டனில் பிறந்தவர் என்ற ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு 'டெய்லி மெயில்' நாளிதழ் அவரை பிரிட்டனுக்கு அழைத்து வர முன்னின்றது. மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் குடியுரிமை அவருக்குச் சில வாரங்களில் கையில் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் 3,000 மீட்டர் இறுதி ஓட்டத்தில் அமெரிக்காவின் மேரி டெக்கர் இவர் காலில் இடறி விழ, அரங்கமே கூச்சல் போட, பட் ஏழாவதாக வந்து சேர்ந்தார். 1992ல் தென்னாப்பிரிக்காவுக்குத் தடை நீங்கியதும் பார்சிலோனாவில் தன் சொந்த நாட்டுக்கே ஓடப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வயதில் அந்த முடிவுகளை எடுத்தவர்கள் பெரியவர்கள்.

லண்டன் ஒலிம்பிக் ஆண்டான 2012ல் அதே டெய்லி மெயில், வெளியில் பிறந்து பிரிட்டனுக்கு ஆடுபவர்களுக்கு 'பிளாஸ்டிக் பிரிட்டன்காரர்கள்' என்று பட்டம் கட்டியது. அந்த மார்ச்சில் இஸ்தான்புல் உள்ளரங்க உலகத் தடகளப் போட்டிக்கு பிரிட்டன் அணித் தலைவி டிஃபனி போர்ட்டர். அமெரிக்காவில் பிறந்தவர், ஆனால் தாய் வழியில் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர். பத்திரிகையாளர் சந்திப்பில் அவரிடம், தேசிய கீதத்தின் முதல் சில வரிகளைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அவர் பாடவில்லை. அதுவே பெரிய செய்தி ஆகிவிட்டது. உள்ளூரில் பிறந்த எந்தத் தலைவரிடமாவது இப்படிக் கேட்டிருப்பார்களா?

அதே கோடையில் லண்டன் ஒலிம்பிக்கில், சோமாலியாவில் பிறந்து பிரிட்டனுக்காக ஓடிய மோ ஃபாரா 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். சோமாலியாவுக்காக ஓடியிருந்தால் இன்னும் பிடித்திருக்குமா என்று ஒருவர் கேட்டபோது, இது என் நாடு என்று சட்டென்று பதில் சொன்னார். அவர் சிறுவனாக வந்து, லண்டன் பள்ளியில் படித்து, அங்கேயே ஓடக் கற்றுக்கொண்டவர். அதனால் மக்களுக்கும் அது மறுபேச்சில்லாத பதிலாக இருந்தது. 2022ல் அவரே இன்னொரு உண்மையைச் சொன்னார்: தன் இயற்பெயர் ஹுசைன் அப்தி காஹின்; ஒன்பது வயது வாக்கில் வேறொரு பையனின் பெயரில் சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டு, ஒரு வீட்டில் வேலைக்கு வைக்கப்பட்டவர். பொய்த் தகவலில் பெற்ற குடியுரிமையைப் பறிக்க பிரிட்டிஷ் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அவர் மேல் நடவடிக்கை இல்லை என்று உள்துறை உடனே அறிவித்தது. சரியான முடிவுதான். நாலு ஒலிம்பிக் தங்கம் இல்லாத ஒருவருக்கு இதே வேகத்தில் இதே கருணை கிடைத்திருக்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் சிண்டி இங்காம்பா. கேமரூனில் பிறந்து 11 வயதில் பிரிட்டனுக்கு வந்தவர். இங்கிலாந்தின் போல்டன் ஊரில் வளர்ந்து, அங்கேயே குத்துச்சண்டை பழகி, பிரிட்டன் அணியோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவர். பாஸ்போர்ட் மட்டும் கிடைக்கவில்லை. குடியேற்ற விவகாரத்தில் ஒருமுறை பிடித்து அடைத்தும் வைத்தார்கள். 2024 பாரிஸில் அகதிகள் ஒலிம்பிக் அணிக்காக இறங்கி, 75 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். அந்த அணி 2016ல் தொடங்கியதிலிருந்து கிடைத்த முதல் பதக்கம் அது. தாத்தாவின் பிறப்பைக் காட்டிய ஸோலா பட்டுக்குச் சில வாரம். அங்கேயே வளர்ந்த இங்காம்பாவுக்குப் பதினைந்து ஆண்டுகளிலும் கிடைக்கவில்லை. சட்டம் சொல்லும் நாட்டுக்காரரும் மக்கள் மனசில் இருக்கும் நாட்டுக்காரரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். ஒப்பந்தம் பேசி வரவழைக்கப்பட்ட வீரரையும், குடியேறிகளின் பிள்ளையையும் ஒரே தராசில் போடும் பழக்கம் இருக்கிறது. 2018ல் பிரான்ஸ் கால்பந்து உலகக் கோப்பையை வென்றபோது, வீரர்களில் பலர் ஆப்பிரிக்கக் குடியேறிகளின் பிள்ளைகள் என்பதால், ஆப்பிரிக்கா ஜெயித்துவிட்டது என்று பலரும் பேசினார்கள். அணியின் 23 பேரில் பிரான்சுக்கு வெளியே பிறந்தவர்கள் இரண்டே பேர்: யூம்டிட்டி, மன்டன்டா. அமெரிக்கத் தொலைக்காட்சியில் தென்னாப்பிரிக்க நகைச்சுவையாளர் டிரெவர் நோவா இதை நகைச்சுவையாகச் சொல்லப்போக, அமெரிக்காவுக்கான பிரெஞ்சுத் தூதர் கடிதமே எழுதினார். எங்கள் நாட்டில் இனம் பார்த்துக் குடிமக்களைப் பிரிப்பதில்லை, அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், அவ்வளவுதான் என்பது அவர் வாதம். ஏன் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கக் கூடாது என்பது நோவாவின் பதில். இரண்டு பேரும் அந்த வீரர்களுக்காகத்தான் பேசினார்கள், இரண்டு பேரின் தேசக் கொள்கையும் ஒத்துவரவில்லை. எனக்கு நோவா பக்கம்தான் சாய்வு. ஆனால் வீரர்களை அந்நியராகக் காட்ட முயன்ற வலதுசாரிகளோடு மல்லுக்கட்டும் நாட்டின் தூதர் ஏன் அப்படி எழுதினார் என்பதும் புரிகிறது.

அதே கோடையில் கால்பந்து வீரர் மெசுட் ஓசில் ஜெர்மனி அணியிலிருந்து விலகினார். துருக்கியிலிருந்து குடியேறிய குடும்பத்தில், ஜெர்மனியின் கெல்சென்கிர்கனில் பிறந்தவர், 2014 உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். துருக்கி அதிபர் எர்டோகனோடு படம் எடுத்துக்கொண்டதும், அப்புறம் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியதும் சேர்ந்துகொண்டன. ஜெயித்தால் நான் ஜெர்மன், தோற்றால் குடியேறி என்று எழுதிவிட்டுப் போனார். அந்தப் படம் எடுத்துக்கொண்டது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு அரசியல்வாதியோடு நிற்பது தவறு என்றால் அதற்கு அரசியல் விமர்சனம் போதும், பிறந்த ஊரில் குடியுரிமையைத் திரும்ப நிரூபிக்கச் சொல்ல வேண்டியதில்லை. வரவழைக்கப்பட்ட வீரரைப் பற்றிய கேள்வி ஒரு ஒப்பந்தத்தைப் பற்றியது. குடியேறியின் பிள்ளையைப் பற்றிய கேள்வி ஒரு முழு சமூகத்தின் மேல் விழுகிறது.

இனி ஒப்பந்த வகை. கத்தார் பல்கேரியப் பளுதூக்கும் வீரர்களை மொத்தமாக வரவழைத்தது. அவர்களில் ஏஞ்சல் போபோவ் என்பவர் சையத் சைஃப் அசாத் ஆகி, 2000 சிட்னியில் கத்தாருக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தார். 2015ல் தோஹாவில் நடந்த ஹேண்ட்பால் உலகக் கோப்பையில் கத்தார் இறுதிவரை வந்து பிரான்ஸிடம் 25-22 என்று தோற்றது. அந்தக் கத்தார் அணியில் இருந்த பெர்ட்ராண்ட் ருவானே, 2011ல் இதே பிரான்ஸ் அணியோடு உலகக் கோப்பையை வென்றவர்! ஹேண்ட்பாலில் மூன்று ஆண்டு இடைவெளி விட்டால் போதும் என்ற விதி இருந்ததால் எல்லாம் சட்டப்படி சரியாகவே நடந்தது. அதில் எந்த நாட்டின் அடையாளத்தைத் தேடுவது?

சிங்கப்பூரின் கதை இதைவிட நுட்பமானது. 2008 பெய்ஜிங்கில் சிங்கப்பூரின் மகளிர் டேபிள் டென்னிஸ் அணி வெள்ளி வென்றது. 1960ல் டான் ஹாவ் லியாங் பளுதூக்குதலில் வென்ற வெள்ளிக்குப் பிறகு, 48 ஆண்டு கழித்துக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம். ஆனால் மூன்று வீராங்கனைகளுமே சீனாவில் பிறந்து, வெளிநாட்டு விளையாட்டுத் திறமையாளர் திட்டத்தின் வழியாக வந்தவர்கள். 2010ல் மாஸ்கோவில் சீனாவையே வீழ்த்தி உலகக் குழுப் பட்டத்தையும் எடுத்தார்கள். அப்போதும், இது நம் பதக்கமா என்று சிங்கப்பூர்க்காரர்கள் முணுமுணுத்தபடிதான் இருந்தார்கள். குடியேற்றத்தால் வேலையும் வீடும் நெருக்கடியானதாக மக்கள் நினைத்த காலம் அது. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு டேபிள் டென்னிஸ் மேசைக்கும் வந்து சேர்ந்தது என்றே நினைக்கிறேன். 2016ல் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்தித் தங்கம் வாங்கியபோது அந்த நாடு வேறு விதமாகக் கொண்டாடியது. நம் மண்ணில் பிறந்த பிள்ளை என்பதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது. ஸ்கூலிங் பதின்ம வயதிலிருந்து பயிற்சி எடுத்தது அமெரிக்காவில். சீனாவில் பிறந்தவர்கள் அந்த நேரமெல்லாம் சிங்கப்பூர் அரங்கில்தான் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி எங்கே நடந்தது என்பது மக்கள் கணக்கில் வருவதே இல்லை.

எதிர்த் திசையிலும் ஒரு சாட்சி உண்டு. ரக்பியில் ஒரு நாட்டுக்கு ஆட அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டாம். குறிப்பிட்ட காலம் அங்கே தொடர்ந்து வசித்திருந்தால் போதும். முன்பு மூன்று ஆண்டாக இருந்ததை இப்போது ஐந்தாக்கியிருக்கிறார்கள். 2019ல் தன் மண்ணில் நடந்த ரக்பி உலகக் கோப்பையில் ஜப்பான் அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் வென்று முதல் முறையாகக் காலிறுதிக்குப் போனது. அணியில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். தலைவர் மைக்கேல் லீச் நியூசிலாந்தில் பிறந்து, 15 வயதில் ஜப்பானின் சப்போரோவுக்குப் படிக்க வந்து, அங்கேயே குடும்பம் நடத்தி, 2013ல் ஜப்பான் குடியுரிமை எடுத்தவர். 'ஒன் டீம்' என்ற அவர்களின் முழக்கம் அந்த ஆண்டில் ஜப்பான் முழுவதும் புழங்கிய சொல்லாகத் தேர்வானது. குடியேற்றத்தில் அவ்வளவு இறுக்கமான நாடு இதை ஏற்றுக்கொண்டதே என்று ஆச்சரியப்பட்டவர்கள், லீச் அங்கே எப்போது வந்தார் என்பதைப் பார்த்தால் போதும்.

விட்டுப் போன நாட்டின் பக்கம் நிலவரம் வேறு. கென்யாவின் ஸ்டீபன் செரோனோ 2003ல் கத்தாருக்கு மாறி சைஃப் சயீத் ஷாஹீன் ஆனார். வாழ்நாள் முழுக்க மாதம் ஆயிரம் டாலர் என்று அன்று செய்திகள் வந்தன. மாறிய சில நாட்களிலேயே பாரிஸ் உலகப் போட்டியில் தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் 3,000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸில் கென்யாவின் எசக்கியேல் கெம்போயை முந்தித் தங்கம் வாங்கினார். கென்யாவுக்கு இந்த ஓட்டம் குலச்சொத்து மாதிரி. 1968லிருந்து தான் பங்கெடுத்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் அதன் தங்கத்தை விட்டுக்கொடுக்காத நாடு அப்போது. செரோனோவின் அண்ணன் கிறிஸ்டோபர் கோஸ்கேயே 1999ல் கென்யாவுக்காக இதே ஓட்டத்தில் உலகச் சாம்பியன். கோபம் எப்படி இருந்திருக்கும்? நாடு மாறியவர் ஒலிம்பிக்கில் ஓட மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்; பழைய நாடு சம்மதித்தால் அதைக் குறைக்கலாம். கென்யா மறுத்தது. 2004 ஏதென்ஸில் அவர் ஓட முடியவில்லை. கென்யா முதல் மூன்று இடங்களையும் அள்ளியது. சில நாட்கள் கழித்து பிரசல்ஸில் அவர் 7 நிமிடம் 53.63 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அது 2023 வரை நின்றது.

அவரைத் துரோகி என்பது எளிது. ஆனால் ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து மூன்று பேர்தான் என்ற வரம்பு இருக்கும் இடத்தில், கென்யாவின் நான்காவது ஐந்தாவது ஆள் வேறெந்த நாட்டிலும் முதல் ஆளாக இருப்பார். இளமையிலேயே சம்பாதித்தால்தான் உண்டு என்ற தொழிலில் அவர் வேறு என்ன செய்வார்? தென் கொரியாவின் ஆன் ஹியூன் சூ 2006ல் தன் நாட்டுக்கு ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங்கில் மூன்று தங்கம் வென்றவர். பிறகு விக்டர் ஆன் ஆகி 2014 சோச்சியில் ரஷ்யாவுக்கு மூன்று தங்கம் வென்றார். கொரிய மக்களில் பெரும்பாலோர் அவரைத் திட்டவில்லை, இப்படிப்பட்டவரைத் துரத்திவிட்டீர்களே என்று தங்கள் ஸ்கேட்டிங் சங்கத்தையே பிடித்து உலுக்கினார்கள். ஆக, போனவரை மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் ஏன் போனார் என்று ஊர் நம்புகிறதோ அதைப் பொறுத்தது.

விதிகள் இவற்றுக்குப் பின்னாலேயே ஓடி வருகின்றன. பிரேசில் கால்பந்து வீரர் அய்ல்டன் உள்ளிட்ட சிலரைக் கத்தார் இழுக்கப் பார்த்ததும், 2004ல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அவசரமாகத் தலையிட்டு, அந்த நாட்டோடு பிறப்பு, பெற்றோர், தாத்தா பாட்டி, அல்லது வசிப்பு என்று ஏதாவதொரு உண்மையான தொடர்பு வேண்டும் என்றது. தடகளத்தில் 2017ல் நாடு மாற்றத்தையே நிறுத்தி வைத்தார்கள். 2018ல் புது விதி வந்தது: 20 வயதுக்கு முன் மாற முடியாது, ஒரு முறைதான் மாறலாம், மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்.

தாத்தா பாட்டி விதியைப் பார்த்தால் இரத்த உறவைச் சான்றிதழில் தேடும் பழைய பழக்கம்தான். அதற்கான கேலிக்கூத்து 2025ல் மலேசியாவில் நடந்தது. ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றில் மலேசியா வியட்நாமை 4-0 என்று அடித்து நொறுக்கியது. புதிதாகச் சேர்ந்த ஏழு வெளிநாட்டு வீரர்களின் தாத்தா பாட்டிகள் பினாங்கு, மலாக்கா, ஜொகூர், சரவாக்கில் பிறந்ததாக ஆவணங்கள் காட்டின. ஃபிஃபா அசல் பதிவுகளைத் தேடி எடுத்தபோது அந்தத் தாத்தா பாட்டிகள் உண்மையில் பிறந்த இடம் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து. செப்டம்பரில் மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு அபராதம் விழுந்தது, வீரர்களுக்குத் தடை வந்தது. ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் நவம்பரில் அதையே உறுதி செய்தது. தாத்தா எங்கே பிறந்தார் என்பதை ஒருவரின் தேசத்துக்கு அளவுகோலாக வைத்தால், யாராவது அந்தத் தாத்தாவை அச்சடிக்கத்தான் செய்வார்கள்.

எந்த நாட்டின் வெற்றி என்ற கேள்விக்கு வருகிறேன். ஒலிம்பிக் சாசனமே, போட்டி வீரர்களுக்கு இடையில்தான், நாடுகளுக்கு இடையில் அல்ல என்று எழுதி வைத்திருக்கிறது. கொடி ஏற்றி, கீதம் இசைத்து, அந்த வரியை அவர்களே மறக்கடிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வீரரை உருவாக்கியதில் பல நாடுகளுக்குப் பங்கு இருக்கும், பதக்கப் பட்டியலில் ஒரு பெயருக்குத்தான் இடம் உண்டு. அதனால் பட்டியலை அவ்வளவு புனிதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

விதி என்று ஒன்று வைத்தாக வேண்டும் என்றால், தாத்தாவைவிட வசிப்புதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஒக்சானா சுசோவிடினா உஸ்பெகிஸ்தானிலிருந்து ஜெர்மனிக்குப் போனது பதக்கத்துக்காக அல்ல. மகனுக்கு இரத்தப் புற்றுநோய், சிகிச்சை ஜெர்மனியின் கொலோன் நகரில். காத்திருப்புக் காலத்தில் தனக்கே ஆடிக்கொள்ள உஸ்பெகிஸ்தான் இடம் கொடுத்தது, 2008ல் ஜெர்மனிக்கு வெள்ளி வாங்கினார், மகனும் பிழைத்தான், அப்புறம் திரும்பவும் உஸ்பெகிஸ்தானுக்கே ஆடினார். பழைய நாடு பெருந்தன்மையாக இருந்ததால் கதை நல்லபடியாக முடிந்தது. ஒலிம்பிக் விதியில் காத்திருப்பைக் குறைக்கப் பழைய நாட்டின் சம்மதம் வேண்டும். அதாவது, விட்டுப் போனவர் மேல் கோபமாக இருப்பவர்களிடமே விடுதலைச் சீட்டு கேட்க வேண்டும். தடகளக் கூட்டமைப்பு இந்த விண்ணப்பங்களைப் பார்க்கத் தனியாக ஒரு குடியுரிமை ஆய்வுக் குழுவை வைத்திருக்கிறது. மற்ற விளையாட்டுகளும் முதலில் அதைச் செய்யட்டும்.